மூக்கைப் பிடித்த கல்

நாலு மாதத்துக்கு முன்புவரை அந்த அருங்காட்சியகத்தில் காப்பாளர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது வரிசை பேருந்து நிறுத்தத்தையும் தாண்டுகிறது. எல்லாம் ஒரு முழ உயரக் கல் மனிதனைப் பார்க்கத்தான். எழுநூறு வருடத்துக் கல். ஒரு கை மூக்கைப் பிடித்திருக்கும், மறு கை விரலை நீட்டியிருக்கும், கன்னம் பூசணியாய் உப்பியிருக்கும்.

"மூச்சடக்கித் தவம் இருக்கார்," என்றார், கல்லுக்குப் பக்கத்திலேயே கடை விரித்து 'விரல் சோதிடர்' என்று பேர் வாங்கியவர். "விடியறதுக்குள்ள தானாத் திரும்பி, நல்ல திசையைக் காட்டுவார். யார் தள்ளினாலும் அசைய மாட்டார்."

கல் விரலை நீட்டியது. சோதிடர் கையை நீட்டினார். டிக்கெட் விற்றால் போதுமென்று காப்பாளர் வாயே திறக்கவில்லை. விரல் காட்டிய பக்கம் வாசல் வைக்க ஒரு கடைக்காரர் பின்சுவரை இடித்தார். அங்கே சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது.

கூடத்தைத் துடைக்கும் அம்மாள் இதையெல்லாம் பார்த்து உள்ளுக்குள் சிரித்தாள். நமக்கென்ன வம்பு என்று இருந்துவிட்டாள். போன திங்களன்று வம்பு வீடு தேடி வந்தது. அவள் மகளுக்குப் பேசிமுடித்த மாப்பிள்ளையின் அம்மா கல்லிடம் போய், "இந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டிருக்கிறாள். விரல் வெளிவாசலைக் காட்டியது. சம்பந்தம் முறிந்தது. மகள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

அந்த விரலை வாசல் பக்கம் விட்டுவைத்ததே அம்மாள்தான்.

நாலாம் நாள் சம்பந்தியைக் கெஞ்சிக் கூட்டிவந்து, வரிசைக்கு நடுவே நிறுத்தினாள்.

"சோதிடரே, இவர் தள்ளினா அசைய மாட்டாரா?"

"பத்து ஆள் தள்ளினாலும் அசைய மாட்டார்."

அம்மாள் துடைப்பக் கட்டையால் ஒரு நெட்டு நெட்டினாள். பீடம் கிரீச்சென்று சுற்றியது. விரல் சோதிடரின் தொப்பைக்கு நேராக வந்து நின்றது.

"இன்னிக்கு நல்ல திசை நீங்கதானா?"

"ஐயோ, தவத்தைக் கலைச்சுட்டா!"

"தவமா?" பீடத்தைச் சுற்றி அவர் கட்டியிருந்த பட்டுத்துணியை உருவினாள். கீழே நாலு சக்கரம், பீடத்தில் ஒரு விவரப் பலகை. "தினம் ராத்திரி தரை துடைக்க நான்தான் இதைத் தள்ளுறேன். முடிஞ்சதும் எந்தப் பக்கம் நிக்குதோ, அதுதான் உங்க எல்லாருக்கும் நல்ல திசை. சம்பந்தியம்மா, அந்தப் பலகையைச் சத்தமாப் படிங்க."

சம்பந்தி கண்ணாடியை மாட்டினாள். "'கேலிச் சிற்பம். பழைய சத்திரத்தில், கழிப்பறைக்கு வழி காட்ட வைக்கப்பட்டது.'"

முதலில் சிரித்தவர் சாக்கடைக் கடைக்காரர். பிறகு கூடமே அதிர்ந்தது. சம்பந்தி தரையிலேயே உட்கார்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தாள்.

"கக்கூஸைக் கேட்டா கல்யாணத்தை நிறுத்தினேன்! மன்னிச்சிரும்மா. எப்ப வெச்சுக்கலாம்?"

"திசை பார்க்க வேணாமா?"

"போதும், மானத்தை வாங்காதே."

இதற்குள் சோதிடர் தப்பித்து ஓடிப் புகுந்த இடம் கழிப்பறை. கல் இத்தனை நாளில் ஒருத்தருக்காவது சரியாக வழி காட்டிவிட்டது.

'நாறுது, நாறுது' என்று எழுநூறு வருடமாக அந்தக் கல்லே மூக்கைப் பிடித்துச் சொல்கிறது. நாம் அதையும் கும்பிட்டோம். இனிமேலாவது மோந்து பாருங்கள் ஐயா, மூக்குக்குக் கொஞ்சம் மேலேதான் மூளையும் இருக்கிறது.