குலுக்கி அண்ணனும் பிரிக்காத பாக்கெட்டுகளும்

போடிநாயக்கனூரில் பிள்ளையார் சிலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் குலுக்கி அண்ணன்தான். பிள்ளையாரையும் விட்டிருக்க மாட்டார். கருங்கல், தூக்க முடியாது, அதனால் தப்பித்தார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாரும் வழி காட்ட மாட்டார்கள்.

ஏலக்காய் ஸ்டோரில் நாங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவோம். மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கியதும் முதலில் கை வைப்பவர் அண்ணன். ஒரு பிடி அள்ளி, இரண்டு உள்ளங்கைக்குள் மூடி, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குலுக்குவார். ஏலத்துக்குள் இருக்கும் கறுப்பு விதையை நாங்கள் அரிசி என்போம். காய் நன்றாகக் காய்ந்திருந்தால் அரிசி கலகலவென்று ஆடும். ஈரக் காய் ஊமையாக இருக்கும். உள்ளே ஒன்றுமே இல்லாத காய்க்குப் பொக்கு என்று பெயர். "அரிசி ஆடுது", "ஈரம்", "பொக்கு" என்ற மூன்றே பேச்சில் அவர் ஒரு லோடையே தரம் பிரித்துவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

தொழில் ஸ்டோரோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. அண்ணன் தேங்காயைக் குலுக்குவார், அது எல்லோரும் செய்வது. அவர் தீப்பெட்டியைக் குலுக்குவார். இருமல் மருந்தைக் குலுக்கச் சொல்லி பாட்டிலில் எழுதியிருப்பார்கள். இவர் மாத்திரை அட்டையையும் குலுக்குவார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பிரிப்பதற்கு முன்னால் கவரைக் காதில் வைப்பார். மலைக்குப் போகிற ஜீப்பில் ஏறுமுன் பின்கம்பியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குவார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, வண்டி ஏலத்துக்கு வரல, போடிமெட்டுக்குப் போகுது. வெரசா ஏறுங்க" என்பார்.

அவர் மனைவி பாண்டியம்மா மதினி என் பக்கத்தில் உட்கார்ந்துதான் காய் பொறுக்குவார். "ஊர்ல உள்ளதையெல்லாம் குலுக்கிப் பாத்தவரு என்னைய மட்டும் பாக்காம கட்டிட்டாரு. அதான் இன்னைக்கி வரைக்கும் சொல்லிக் காட்டுறாரு" என்று சிரிப்பார்.

போன பங்குனி உத்திரத்துக்கு அண்ணனின் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. நான் கோயில் பொங்கலைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது, மாமனும் மாப்பிள்ளையும் அண்ணனுடைய போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தார்கள். அதில் ஏதோ விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தான் அவன்.

"இது என்ன மாப்ளே, சீட்டா?"

"சீட்டுதான் மாமா. காசு வச்சு ஆடுற சீட்டு இல்ல."

"அப்ப மாசச் சீட்டாப்பா?" என்றேன் நான். எனக்குத் தெரிந்த இன்னொரு சீட்டு அதுதான்.

"அதுவும் இல்லத்தே. இது போனுக்குள்ள மட்டும் இருக்குற சீட்டு. பாக்கெட் போட்டு விப்பாங்க. பிரிச்சா உள்ள வீரன், மந்திரவாதி, டிராகன்னு படம் போட்ட சீட்டு இருக்கும். லேசுல கெடைக்காத சீட்டு வந்தா நல்ல வெலைக்குப் போகும். பிரிக்காமலே வச்சிருந்தும் விக்கலாம். நாளாக ஆக பிரிக்காத பாக்கெட்டுக்கு மவுசு ஏறும். இப்பல்லாம் இதையும் ஒரு முதலீடுன்னு வாங்கிப் போடுறாங்க."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாம்பிள் காட்டு."

"சாம்பிள்லாம் கெடையாது மாமா. ஒரு பாக்கெட்ல இருக்குறது அடுத்ததுல இருக்காது."

"அப்ப உள்ள என்ன இருக்குன்னு வாங்குறவனுக்குத் தெரியாது?"

"தெரியாது."

"விக்கிறவனுக்கு?"

"கையில வச்சிருக்குற அவனுக்கும் தெரியாது மாமா. பிரிச்சாத்தான் தெரியும்."

போடியில் சாம்பிள் இல்லாமல் சரக்கு விற்பதென்பது மாப்பிள்ளை இல்லாமல் தாலி கட்டுவது மாதிரி. அண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் முகமோ கார்த்திகை விளக்கு மாதிரி மலர்ந்துவிட்டது.

"யாருக்குமே தெரியாத சரக்குன்னா, குலுக்கிப் பாக்கத் தெரிஞ்சவனுக்குத்தான மாப்ளே லாபம்?"

சொல்லிவிட்டு போனைக் காதில் வைத்துக் குலுக்கினார். முருகன் அறியச் சொல்கிறேன், கலகலவென்று சத்தம் கேட்டது. எனக்கும் கேட்டது. மாப்பிள்ளைக்கும் கேட்டது. அண்ணன் திரையில் ஒவ்வொரு பாக்கெட்டாகத் தள்ளித் தள்ளிக் குலுக்கி, "இது ஈரம். இதுவும் ஈரம். இந்தா, இதுல அரிசி ஆடுது" என்று ஒன்றை எடுத்தார். பிரித்தால், உள்ளே தங்கக் கரை போட்ட பச்சை டிராகன்.

மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டான். "மாமா, இதுக்காகப் பெங்களூர்ல ஒருத்தன் ஒரு வருசமா அலையுறான்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் விழுந்த பழத்தைக் கையில் பிடித்த காக்கையிடம் அதை யார் சொல்வது?

அன்றிலிருந்து அண்ணன் பாக்கெட் வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தார். குலுக்கி எடுப்பதோடு சரி, ஒன்றையும் பிரிப்பதில்லை. "பிரிச்சா மணம் போயிரும்" என்பார். போனைக் கறுப்புப் பாலிதீன் பைக்குள் சுற்றி, தகர டப்பாவுக்குள் வைத்தார். வெளிச்சம் பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுத்துப்போகும், டிராகனும் பச்சை. மழை பெய்தால் டப்பாவுக்கு மேல் கோணிச் சாக்கு ஏறும். யாராவது அவருக்குப் போன் பண்ணினால் டப்பாவுக்குள்ளிருந்து கிணற்றுக்குள் விழுந்த பாகவதர் மாதிரி பாட்டுக் கேட்கும். எடுக்க மாட்டார். "சரக்கு அசையும், வேண்டாம்" என்பார். காலையில் நெற்றி நிறைய திருநீறு பூசி, சாமி கும்பிட்டு, சூடம் காட்டி, ஒரே ஒரு தடவை குலுக்கிக் கேட்பார். கலகல. "இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வருவார்.

இதுவரைக்கும் எங்களுக்குச் சிரிப்புத்தான். ஆனி மாதத்தில் ஒரு நாள் பாண்டியம்மா மதினி காய் பொறுக்காமல், பொறுக்கிய காயையே திரும்பத் திரும்பக் கலைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மதினி?"

"தோட்டத்தக் குடுக்கப் போறோம் ஆத்தா."

போடிமெட்டுக்குப் போகிற சரிவில் மதினிக்கு அவர் அப்பா சீதனமாகக் கொடுத்த சின்ன ஏலத்தோட்டம். சின்னதுதான். ஆனால் அந்தச் செடியெல்லாம் அப்பா கையால் நட்டது. மதினிக்கு அப்பா போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. "எங்கப்பாவப் பாக்கணும்னா மேல போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வார்.

"அத வித்து இன்னும் பாக்கெட் வாங்கப் போறாராம்" என்றார் மதினி.

"நீங்க மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான மதினி?"

"சொன்னேன். கோவிச்சாக்கூடச் சமாளிப்பேன். மனுசன் தேங்காய எடுத்தாரு, குலுக்காம ஒடச்சாருத்தா. எனக்குப் பயமாப் போச்சு. சரின்னுட்டேன்."

அன்று சாயங்காலமே அண்ணனை மடக்கினேன். நான் எட்டாவதைத் தாண்டாதவள். முதலீடு பற்றி எனக்கு என்ன தெரியும். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"அண்ணே, அந்தப் பாக்கெட்டெல்லாம் இருக்குறது யாரு குடோன்ல? நம்ம குடோனா, அந்தக் கம்பெனிக்காரன் குடோனா?"

"அவன் குடோன்தான். சாவி நம்மகிட்ட."

"அவன் குடோனையே மூடிட்டா?"

"ஏன் தங்கச்சி, ஏலக்காய்க்கு மட்டும் வெல விழுகாதா?"

"காய் வெல விழுந்தா பாயசத்துல போட்டுக்கலாம்ணே. இத எதுல போட?"

அண்ணன், "நீ பாயசத்துலயே நில்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிரிக்காத பொட்டலம் என்றால் எனக்குத் தெரிந்தது கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதுதான். சிவப்புப் பூவை ஒன்றிலும் வெள்ளைப் பூவை ஒன்றிலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்போம். பிரித்தால்தான் சாமி சொன்னது தெரியும். பிரிக்காமல் வைத்தால் வரம் வளரும் என்று யாரும் காத்திருப்பதில்லை. சரி, அந்தச் சாமியையே கேட்டுவிடுவோம் என்று அண்ணனையும் மதினியையும் சுப்பிரமணியர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். வெள்ளை வந்தால் விற்கலாம், சிவப்பு வந்தால் கூடாது.

பூசாரி பொட்டலங்களைப் போட்டார். நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு திறக்கிறேன், அண்ணன் இரண்டு பொட்டலத்தையும் இரண்டு காதிலும் வைத்துக் குலுக்கிக்கொண்டு இருக்கிறார்.

"என்னய்யா பண்றீரு?" என்று பூசாரி பதறினார்.

"ரெண்டும் ஈரம் சாமி. காயப்போட்டுக் கட்டிருக்கலாம்."

அவர் குலுக்கிய வேகத்தில் இரண்டு பொட்டலமும் அவிழ்ந்து, சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகக் கீழே விழுந்தன. பூசாரி பெருமூச்சு விட்டு, "இன்னைக்கி சாமிக்கே குழப்பமாயிருச்சு. போயிட்டு வாங்க" என்று திருநீற்றைக் கொடுத்துவிட்டார். நான் முருகனை ஒரு பார்வை பார்த்தேன். அவன் பாட்டுக்கு வேலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பத்திரம் பதிய வேண்டிய நாளும் வந்தது. முந்தின நாள் மத்தியானம் போனில் சார்ஜ் ஏறவில்லை என்று மதினி அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து வாங்கி வந்திருந்தார். காலையில் தோட்டத்தை வாங்குகிறவர் ஜீப்போடு வாசலில் நின்றார். மதினி நல்ல சேலை கட்டி, வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தார். துணைக்குப் போக நானும் நின்றேன்.

அண்ணன் சாமி கும்பிட்டு, சூடம் காட்டி, டப்பாவைத் திறந்து போனை எடுத்துக் காதில் வைத்துக் குலுக்கினார்.

சத்தம் இல்லை.

இன்னொரு காதில் வைத்தார். மேலும் கீழுமாக, குறுக்கும் நெடுக்குமாக, சாமியாடி மாதிரி குலுக்கினார். ஊமை. அவர் முகம் வெளுத்துப் போய்விட்டது.

"பொக்கு" என்றார்.

பெங்களூருக்குப் போன் போட்டோம். மாப்பிள்ளை, "எல்லாம் அப்படியேதான் மாமா இருக்கு, கணக்குல காட்டுது" என்றான்.

"கணக்குல இருக்கும் மாப்ளே. உள்ள இல்ல."

ஆத்திரத்தில் அங்கேயே ஒவ்வொரு பாக்கெட்டாகப் பிரித்தார். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். முதலில் கத்தி பிடித்த எலி ஒன்று வந்தது. அடுத்ததில் கேடயம் பிடித்த எலி. அப்புறம் ஒரு மந்திரவாதி, பிறகு மறுபடியும் கத்தி பிடித்த எலி. எலியாக வந்துகொண்டே இருந்தது. டிராகனின் வால் நுனிகூட வரவில்லை. குடோன் வேலை பார்த்துப் பழகியவருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொல்லிவிட முடியாது.

"சரக்க எலி தின்னுருச்சு" என்று போனைக் கீழே வைத்தார். ஜீப்புக்காரரைப் பார்த்து, "நீங்க போயிட்டு வாங்க. தோட்டம் குடுக்கல" என்றார். பிறகு மதினியிடம், யாருக்கும் கேட்காத மாதிரி, "ஒங்கப்பா காயி ஒருநாளும் பொக்கு விழுந்ததில்ல பாண்டி" என்றார். எங்களுக்குக் கேட்டுவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து என் போனுக்கு உறை மாற்ற அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி, "குலுக்கி அண்ணன் போன்ல ஒரு சின்னத் திருகாணி கழண்டு உள்ளயே கெடந்துச்சுக்கா. ஆட்டுனா கலகலன்னு சத்தம். முறுக்கி விட்டேன், இப்பச் சத்தம் இல்லன்னு சொல்றாரா?" என்று கேட்டான்.

இல்லை என்றுதான் சொல்கிறார் என்றேன். அவன் கையில் ஊசி மாதிரி ஒரு திருப்புளி இருந்தது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. கோயிலில் பூ சொல்லாததை முருகன் கடைத்தெருவில் சொல்லியிருக்கிறான். வேல் சின்னதாக இருந்தாலும் வேல்தானே.

மதினியிடம் மெதுவாகக் கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியுமா மதினி?"

"சார்ஜ் ஏறலன்னு குடுத்தேன்" என்று தலை நிமிராமல் காய் பொறுக்கினார். ஒரு பொக்குக் காயைத் தனியே தள்ளிவிட்டு, "அவருகிட்டச் சொல்லிராதத்தா. இத்தன நாளு திருகாணியத்தான் கேட்டோம்னு தெரிஞ்சா அந்தக் காத வச்சு மனுசன் என்ன பண்ணுவாரு" என்றார்.

நான் சொல்லவில்லை. இப்போது அண்ணன் வாரம் தவறாமல் ஜீப்பை உலுக்கிவிட்டு மலையேறி அந்தத் தோட்டத்துக்குப் போகிறார். முதல் பறிப்பில் ஒரு பிடி காயை உலர்த்திக் கொண்டுவந்து, என் காதில் குலுக்கிக் காட்டி, "ஒன் பாயசத்துக்கு" என்று கொடுத்தார்.

இதை எழுதியதால் அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம் இல்லை. அவர் பத்திரிகை படிப்பதில்லை. பெட்டிக்கடையில் தொங்குவதை எடுத்து, இலவச இணைப்பு ஏதாவது விழுகிறதா என்று ஒரு குலுக்குக் குலுக்குவார். ஒன்றும் விழாவிட்டால், "பொக்கு" என்று சொல்லித் திரும்ப மாட்டிவிடுவார்.

இந்த வாரமும் அப்படித்தான் சொல்லப்போகிறார். உள்ளே இருப்பது அவர்தான் என்று கடைக்காரர் சொல்லாமல் இருந்தால் போதும்.