வைத்த இடத்தில் எல்லாம் ஒட்டிய காந்தம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா சௌக்கியம். நானும் சௌக்கியம்தான், முழங்கால் இரண்டைத் தவிர. அதற்குக் காரணம் கீழே வருகிறது. உன் ஒலிபெருக்கிக் கடையும், அங்கே ரிப்பேருக்கு வருகிற ஸ்பீக்கர்களும் மேன்மேலும் பெருகட்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கார் என்று வாயெடுத்தாலே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. ஆகவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். காரை வாங்கிவிட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய, உருண்டை விளக்கும் குண்டு உடம்புமான அந்தப் பச்சைக் காரை வாங்கி, நானே ஓட்டி வந்து, எங்கள் பால்கனிக்கு நேர் கீழே நிறுத்திவிட்டேன். "அத்தான், பழைய காருன்னாலே துருதான், மாட்டிக்காதீங்க" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மறக்காததனால்தான் அங்குலம் அங்குலமாகத் துரு பார்த்து வாங்கியிருக்கிறேன்.

இதில் என் மானமே அடங்கியிருந்தது, கேட்டுக்கோ. நான் வாங்கிய துணி துவைக்கும் மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் கிளம்பிச் சமையலறை வாசல் வரை நடந்து வருவதும், நான் வாங்கிய சோபாவில் யார் உட்கார்ந்தாலும் அடியில் மரத்தூள் கொட்டுவதும், நான் வாங்கிய குடை விரிந்த பிறகு மடங்க மறுத்து, மழை நின்ற வெயிலில் அதைப் பிடித்துக்கொண்டே நான் வீட்டுக்கு வந்ததும் உனக்குத் தெரியாததல்ல. கார் பேச்சை எடுத்ததும் உன் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். "இந்தத் தடவையும் ஏமாந்துட்டு வந்தீங்கன்னா, இனிமே இந்த வீட்டுக்கு உப்பு புளி முதற்கொண்டு நான்தான் வாங்குவேன். நீங்க பையைத் தொடவே கூடாது." ஒரு குடும்பத் தலைவனிடம் சொல்கிற பேச்சா இது? காய்கறிப் பையும் கையை விட்டுப் போனால் ஓய்வு பெற்ற மனிதனுக்கு வெளியே போக வேறு என்ன சாக்கு இருக்கிறது? அன்றைக்கே முடிவு செய்தேன். வாங்கினால் இந்தக் கார்தான், அதுவும் ஏமாறாமல்தான்.

நீ ஒரு பெரிய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிக் கொடுத்தாயே காந்தம், அதைத்தான் எடுத்துப்போனேன். துரு தின்ற ஓட்டையைப் பட்டி பூசி அடைத்து, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காந்தம் தகரத்தில்தான் ஒட்டும், பட்டியில் ஒட்டாது என்று சொல்லிக் கொடுத்ததும் நீதான். உன் அக்கா அந்தக் காந்தத்தைப் பார்த்துவிட்டு, "துரு பார்க்க எதுக்குங்க இவ்வளவு பெரிய குண்டு? ஃபிரிட்ஜுல இருக்கிற வாத்தை எடுத்துட்டுப் போங்க, போதும்" என்றாள். எது, ஃபிரிட்ஜ் கதவில் கேஸ் பில்லைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, கட்டை விரல் உயர மஞ்சள் வாத்துக் காந்தம், அது! "நான் கார் பார்க்கப் போறேனா, பொம்மை வச்சு விளையாடப் போறேனா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டேன்.

உன் அக்காவும் கூட வந்தாள். பஸ்ஸில் கொஞ்சம் சிரமம். ஏறி நின்றதுதான் தாமதம், காந்தம் இருந்த துணிப்பை என் கையிலிருந்து தாவிப் பஸ் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. கண்டக்டரும் நானும் சேர்ந்து பிடுங்கினோம். கம்பியை விட்ட வேகத்தில் அது பக்கத்து அம்மாள் மடியில் இருந்த டிபன் டப்பாவைக் கவ்விக்கொள்ள, அந்த அம்மாள், "பார்த்தா பெரிய மனுஷன் மாதிரி இருக்கீங்க, டப்பாவைத் திருடுறீங்களே!" என்று கத்த, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. உன் அக்கா யாரோ எவரோ என்பதுபோல முன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

காரை விற்றவர் ஒரு பல் டாக்டர். ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டை, நகத்தில்கூட அழுக்கு இல்லை. பேசும்போது நம் கண்ணைப் பார்க்கமாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். "நாற்பது வருஷமா எத்தனையோ வாயைச் சரிபண்ணின கை சார் இது. இந்தக் காரையும் வேற யாரையும் தொட விடாம நானே பார்த்துப் பார்த்துச் சரிபண்ணினேன்" என்றார். அதைக் கேட்டதுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. இருந்தாலும் விடுவேனா? கதவை விரல் முட்டியால் தட்டினேன். தொப்பென்றது. "என்னங்க, சுவத்தைத் தட்டுற மாதிரி இருக்கு?" என்றாள் உன் அக்கா. "பழைய காலத்துத் தகரம்மா, கெட்டி" என்றார் டாக்டர். கதவின் அடிவிளிம்பில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கலாம் என்று எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் சார், கூசும்" என்றார். காருக்கா உங்களுக்கா என்று நான் கேட்கவில்லை. அதுதான் கையில் காந்தம் இருக்கிறதே!

மச்சான், நீ அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். முட்டி போட்டு, காரை ஒரு சுற்றுச் சுற்றினேன். கதவில் வைத்தேன், டமார் என்று ஒட்டியது. மட்கார்டில் வைத்தேன், டமார். சக்கரத்துக்கு மேலே, டிக்கிக்குக் கீழே, எங்கே வைத்தாலும் டமார்! ஒவ்வொரு தடவையும் காரில் காலை உதைத்துக்கொண்டுதான் பிடுங்க வேண்டியிருந்தது. இடது கதவின் அடியில் வைத்தபோது டாக்டருக்கே ஆச்சரியம். "அங்கேயுமா ஒட்டுது?" என்று குனிந்து பார்த்தார். தன் காரின் அருமை தனக்கே தெரியாத மனிதர்!

கடைசியாக அடிப்பாகம். அட்டையைப் போட்டு மல்லாந்து உள்ளே நுழைந்தேன். இடுப்புப் பக்கம் காந்தத்தைத் தூக்கினேனோ இல்லையோ, அது என் பெல்ட்டின் கொக்கியையும் கவ்விக்கொண்டு மேலே போய் ஒட்டிவிட்டது. நடுவில் நான் தொங்குகிறேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. உன் அக்கா ஒரு காலையும் டாக்டர் ஒரு காலையும் பிடித்து இழுக்க, "பயப்படாதீங்க, வாயை நல்லா திறங்க" என்று பழக்க தோஷத்தில் டாக்டர் சொல்ல, நான் வெளியே வந்தேன்; பெல்ட் வரவில்லை. "ஏங்க, இப்பவாவது அந்தக் காந்தத்தைப் பத்தி யோசிங்க" என்றாள் உன் அக்கா. யோசித்தேன். ஒரு முழு மனிதனைத் தூக்கிப் பிடித்து வைக்கிற தகரத்தில் துரு இருக்குமா? நின்ற இடத்திலேயே, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, பேரத்தை முடித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அக்கா பேசவே இல்லை. தோற்றவர்கள் அப்படித்தான் என்று நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். இன்று சாயங்காலம் காய்கறிப் பையோடு கடைக்குப் போகப்போகிறவன் நானே. அதுவும் காரில்.

உன் மனைவிக்கு என் அன்பும், உன் குழந்தைகளுக்கு என் ஆசிகளும். அவர்கள் என்றும் எதிலும் ஏமாறாமல் வாழ்க.

இப்படிக்கு,
ஒருமுறையாவது ஏமாறாத
உன் அத்தான்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டு, காரின் அடியிலிருந்து ஒருவழியாகப் பிடுங்கிக்கொண்டு வந்த காந்தத்தைச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒதுக்கி வைக்கலாம் என்று குனிந்தேன். மேஜைமேல் இருந்த கத்தரிக்கோல் நகர்ந்தது. காந்தத்தை இந்தப் பக்கம் கொண்டுபோனேன், அதுவும் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் கொண்டுபோனேன், அந்தப் பக்கம் போனது. நடுவில் இருப்பது நல்ல கெட்டி மரப்பலகை, மச்சான். பலகையைத் தாண்டி இழுக்கிற காந்தத்துக்குப் பட்டி எம்மாத்திரம்? என்ன காந்தம்டா கொடுத்தாய் நீ!

சத்தம் போடாமல் வாத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். இடது கதவில் வைத்தேன், விழுந்தது. வலது கதவில் வைத்தேன், விழுந்தது. மட்கார்டில் விழுந்தது. பானட்டின்மேல் ஒரு நொடி யோசித்துவிட்டு வழுக்கி விழுந்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்ட ஒரே இடம் நம்பர் பிளேட். ஓட்டையை அடைத்து, மழமழவென்று தேய்த்து, அடைத்ததே தெரியாமல் அனுப்பி வைப்பதுதான் அந்த மனிதருக்கு நாற்பது வருஷத் தொழில் என்று அங்கே நின்றபோது எனக்கு ஏன் தோன்றவில்லை? அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன், இந்தக் காரை நான் ஓட்டத்தான் போகிறேன்.

நிமிர்ந்து பார்த்தால் பால்கனியில் உன் அக்கா. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. திட்டவில்லை. சிரிக்கக்கூட இல்லை.

"வாத்தை எடுத்த இடத்துல வச்சிடுங்க, கேஸ் பில் பறக்குது" என்றாள். அப்புறம், "காய்கறிப் பையைத் தேடாதீங்க, என்கிட்டதான் இருக்கு" என்றாள்.