மாமனாருக்கு ஒரு அஞ்சலி பேனர்

மாமனார் உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் போட்டு முடித்துவிட்ட செழியனுக்கு, இப்போது அதை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை.

அவனைத் திட்டுவதற்கு முன் அவன் பக்கத்தையும் கேட்க வேண்டும். மன்னார்குடியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன். மாமனார் மருதையன் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். காலையில் டாக்டர் வெளியே வந்து, "சொந்தபந்தத்துக்குச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்தப் பக்கம் யார் போனாலும் விடிவதற்குள் முக்குக்கு முக்கு பேனர் நிற்கும். ஃப்ளெக்ஸ்காரன் மாமனாருக்கு மட்டும் இல்லையென்றால் ஊர் சிரிக்காதா? உயிர் போன பிறகு ஐஸ் பெட்டிக்கு ஓடுவானா, பந்தலுக்கு ஓடுவானா, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவானா?

அதோடு செழியன் பிறவியிலேயே துக்கக்காரன். கல்யாண பேனருக்குக் கறுப்பு பார்டர் போட்டுக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன். மாமனார் மேல் நிஜமான பாசமும் உண்டு. ஆண் பிள்ளை இல்லாத அந்த மனுஷன் இவனைத்தான் மகனாக வைத்திருந்தார். போட்டோவிலிருந்து, தோளில் கிடந்த விவசாயச் சங்கத்துச் சிவப்புத் துண்டையும் மீசையையும் முடி முடியாக வெட்டி எடுக்கும்போது செழியனுக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. மறைந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டு, வழக்கம்போல 'அஞ்சலி' ஃபோல்டரில் போட்டான்.

போட்ட கையோடு மனைவி அம்சம் போன் செய்தாள்.

"ஏங்க, சித்தி வந்து அப்பாகிட்ட உக்காந்திருக்காங்க. நான் வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு, அந்தக் காதுகுத்து பேனரை முடிச்சுக் குடுத்துட்டுத் திரும்பிடறேன். பஸ் ஏறிட்டேன்."

"இந்த நேரத்துல காதுகுத்து பேனர் எதுக்கு அம்சம்?"

"எங்கப்பாவுக்கு இப்படின்னு அவங்க புள்ளைக்குக் காது குத்தாம இருப்பாங்களா?"

அங்கேதான் சிக்கல். அம்சம் வீட்டிலிருந்தே பேனர் டிசைன் செய்கிறவள். ஒரு மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்து கம்ப்யூட்டர் செத்த பிறகு, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் முத்துப்பேட்டை சமீர் வந்து எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிட்டிருந்தான். கடைக் கம்ப்யூட்டரில் எதை எங்கே வைத்தாலும் அது வீட்டுக் கம்ப்யூட்டரிலும், பிரிண்ட் அடிக்கும் ஷெட்டிலும் போய் நிற்கும். இந்நேரம் மருதையன் மாலையோடு வீட்டில் இருப்பார். அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே புருஷன் அவருக்கு மாலை போட்டுவிட்டான் என்று தெரிந்தால் அத்தோடு குடும்பம் முடிந்தது. ஓடிப்போய் எடுக்கலாமென்றால் வீட்டுச் சாவி அம்சத்தின் பையில்.

சமீருக்குப் போன் போட்டான்.

"சமீரு, ஒரு ஃபோல்டர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகாம இருக்க என்னப்பா பண்ணணும்?"

"செட்டிங்ஸ்ல ஃபோல்டர் பேரெல்லாம் வரிசையா இருக்கும்ணே. எது வேணாமோ அதுல டிக்கை எடுத்துடுங்க."

எடுத்தான். 'அஞ்சலி' ஃபோல்டர் கண் முன்னாலேயே மறைந்தது. அன்றைக்கு முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டான். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி சமீருக்குப் போன் போட்டு, டிக்கை எடுத்துவிட்டதைச் சொன்னான்.

"எந்தக் கம்ப்யூட்டர்ல எடுத்தீங்க?"

"கடையில."

"அப்ப கடையிலதான் போயிருக்கும். வீட்ல பத்திரமா இருக்கும்ணே."

"அடப்பாவி, முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே! ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் டிக் தனித்தனி. வீட்ல வேணாம்னா வீட்லதான் எடுக்கணும்."

"அழிச்சுட்டா?"

"எல்லா எடத்துலயும் போயிடும். சோலி முடிஞ்சுது."

அழிக்கத்தான் மனசு வரவில்லை. அத்தனை மீசை முடியையும் மறுபடி யார் வெட்டுவது? இன்றைக்கே தேவைப்பட்டுவிட்டால்?

மறுபடி டிக் போட்டு ஃபோல்டரைக் கொண்டுவந்தான். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. 'பிரிண்ட்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. பெரிய பெரிய ஃபைலாக வந்து வீட்டுக் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று அம்சமே அதற்கு வீட்டில் டிக்கை எடுத்து வைத்திருந்தாள். மாமனாரைத் தூக்கி அதில் போட்டுவிட்டால் தீர்ந்தது. போட்டான். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தான்.

பாதி டீயில் ஐயாவு ஞாபகம் வந்தது.

ஐயாவு ஷெட்டில் மெஷின் ஓட்டுகிறவன். ஒவ்வொன்றுக்கும் போன் செய்து உயிரை எடுக்கிறான் என்று, "பிரிண்ட் ஃபோல்டர்ல எது விழுந்தாலும் கேள்வி கேக்காம ஓட்டு" என்று சட்டம் போட்டதே செழியன்தான். போன் போட்டான். மெஷின் சத்தத்தில் ஐயாவு எடுக்கவில்லை. ஃபைலை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தால் வீட்டுக்குப் போகும், விட்டால் மெஷினுக்குப் போகும். வண்டியை எடுத்துக்கொண்டு, ஷெட் இருக்கும் நீடாமங்கலம் ரோட்டில் பறந்தான். பறக்க எங்கே விட்டார்கள்? குறுவை அறுத்துப் பாதி ரோட்டில் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். நடுவில் அம்சத்தின் போன்.

"ஏங்க... அப்பா..." மேலே பேச முடியாமல் அழுதாள்.

செழியன் வண்டியை நிறுத்தினான். "போயிட்டாரா?"

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? கண்ணு முழிச்சுட்டாராம்! மூக்குல இருந்த குழாயைப் பிடுங்கிப் போட்டுட்டு டீ கேக்குறாராம். நான் வடுவூர்ல இறங்கித் திரும்பிப் போறேன்."

செழியன் நெல் ஓரமாக உட்கார்ந்து அழுதான். அவ்வளவு சந்தோஷம். அழுது முடிப்பதற்குள் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. செத்தவருக்குப் பேனர் அடித்தால் மரியாதை, டீ குடிக்கிறவருக்கு அடித்தால் என்ன பெயர்?

ஷெட்டுக்குள் நுழைந்தபோது மருதையன் பத்துக்கு எட்டு அளவில் தரையில் சிரித்துக்கொண்டிருந்தார். ஐயாவு ஓடிவந்து செழியன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மனசைத் தேத்திக்குங்கண்ணே. தேதி காலியா இருந்துச்சு. அழுகையில விட்டிருப்பீங்கன்னு இன்னைக்குத் தேதியை நானே மார்க்கர்ல எழுதிட்டேன்."

"ஐயோ, அவரு டீ குடிச்சுக்கிட்டு இருக்காருய்யா!"

ஐயாவுக்கு முகம் வெளுத்தது. "அவரு சங்கத்துக்காரங்களுக்கு வேற போன் போட்டுச் சொல்லிட்டேனே! மாலையோட வேன் பிடிச்சுத் தஞ்சாவூர் கெளம்பிட்டாங்களே!"

"திருப்பச் சொல்லுய்யா!"

"டிரைவர் போனை எடுக்க மாட்டேங்கிறாருண்ணே."

செழியன் பேனர் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் வேன் வந்து நிற்பதும், அம்சம் ஓடிவந்து மாலைகளைப் பார்ப்பதும் கண்ணில் தெரிந்தது. "போச்சு ஐயாவு. இனிமே அம்சம் என் முகத்துல முழிக்க மாட்டா. கட்டின பொண்டாட்டியோட அப்பாவுக்கு உயிரோட இருக்கும்போதே இப்படி ஒருத்தன் செய்வானா?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஐயாவு ஆறுதலாகப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைத் தடவிக் கொடுத்தான்.

"அக்கா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்கண்ணே, போன ஐப்பசியில நீங்க டெங்கு வந்து கெடந்தப்ப, உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் டிக்கை எடுத்துட்டு அவங்க உங்களுக்குப் போட்ட பேனரை நான் இன்னும் அந்த மூலையிலதான் சுருட்டி வெச்சிருக்கேன்."