வியாழக்கிழமைச் சமையல்

"அண்ணே, நீங்க உருளைக்கிழங்கு வாங்க வந்தீங்களா, இல்ல பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார் காய்கறிக் கடைக்காரர்.

லிஃப்ட் மெக்கானிக் திடுக்கிட்டுக் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தான். வெகு நேரமாக அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு முன்னால் ஒரு முட்டைக்கோஸ். அதற்கும் முன்னால் ஒரு கத்திரிக்காய். எதைக் கையில் எடுத்தாலும், இதைக் கழுவணும், நறுக்கணும், வதக்கணும், கடைசியில் அந்த வாணலியைத் தேய்க்கணும் என்பதுதான் கண்முன்னே வந்து நின்றது.

சமைக்கத் தெரியாதவன் அல்ல அவன். மனசுதான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் கூப்பிட்டு வேலை வாங்கிய வாரம். நாள் முழுக்க ஊரையே ஏற்றி இறக்கும் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவனுக்கு, ஒரு பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது மலையைத் தூக்கி வைப்பதுபோல் இருந்தது.

ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அவன் மனைவியும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்றபடி கண்டவர் மூக்குக்கெல்லாம் ஃப்ரேம் மாட்டிப் பார்க்கிறவள். ஆகவே இரவுச் சமையல் திங்கள், புதன், வெள்ளி அவள். செவ்வாய், வியாழன், சனி அவன். ஞாயிற்றுக்கிழமை மிச்சம் மீதி. வியாழக்கிழமை என்ற நினைப்பு வந்ததுமே அவனுக்கு முதுகு வலிக்கத் தொடங்கியது.

சாக்குச் சொல்லவும் வழியில்லை. தலைவலி போன வாரமே செலவாகிவிட்டது. விரல் வெட்டு அதற்கு முந்தின வாரம். கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொன்ன அன்று மாமனார் சிலிண்டரை அசைத்துப் பார்த்து, "பாறாங்கல்லு மாதிரி இருக்கே மாப்ளே" என்று குட்டை உடைத்துவிட்டார். அவர் இவர்களோடுதான் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒருநாளும் தவறாமல் பார்க்கும் ஒரே வேலை இரவுச் சாப்பாடுதான்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, எங்க இருக்கீங்க? வரும்போது..."

முடிக்க விட்டால் தக்காளி என்பாள், முட்டை என்பாள். வாங்கிவிட்டால் சமைத்தே தீர வேண்டும். புத்திக்கு முன்னால் வாய் ஓடிவிட்டது.

"லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டேன்!"

"என்னது?"

"நட்டநடுவுல நின்னுபோச்சும்மா. எப்ப வெளிய வருவேன்னே தெரியல. இன்னைக்குப் பாத்து சமையல் என் முறை வேற. எனக்கு மனசே ஆறல."

மறுமுனையில் எதையோ பொத்தென்று கீழே போடும் சத்தம் கேட்டது.

"ஆமா," என்றாள் மெதுவாக. "உங்க முறைதான்." பிறகு குரலுக்குத் திடீரென்று உயிர் வந்தது. "எந்தக் கட்டடம்?"

"எதுக்கு?"

"எதுக்கா? இதோ கெளம்பி வர்றேன்!"

"வேணாம், வேணாம். நீ எதையாவது ரெண்டு கிண்டி மாமாவுக்குப் போட்டுட்டு நீயும் சாப்பிடு."

"நீங்க அங்க அந்தரத்துல தொங்கும்போது எனக்குத் தொண்டையில சோறு எறங்குமா? கட்டடத்தச் சொல்லுங்க!"

சாலைக்கு அந்தப் பக்கம், அவன் மாதாமாதம் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளும் பத்து மாடிக் கட்டடம் கண்ணில் பட்டது. அதையே சொல்லிவிட்டான். அது வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளி இருக்கிறது என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

பொய்யை மெய்யாக்கத் தலைதெறிக்க ஓடினான்.

"என்ன சார், இந்த ஓட்டம்? லிஃப்ட்டு நல்லாத்தானே ஓடுது?" என்று எழுந்து நின்றார் வாட்ச்மேன்.

"அதத்தான் செக் பண்ணணும்," என்று உள்ளே பாய்ந்தான்.

திட்டம் எளிமையானது. பட்டன்களுக்குக் கீழே மெக்கானிக்குகளுக்கென்று ஒரு சாவித்துளை உண்டு. இடப்பக்கம் திருப்பினால் லிஃப்ட் நிற்கும், வலப்பக்கம் திருப்பினால் ஓடும். நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கதவு மூடப்போகும் நேரத்தில் ஒரு கால் குறுக்கே வந்தது.

"நில்லுங்கண்ணே, எட்டாவது மாடி!"

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பெண். முதுகில் அவளைவிடப் பெரிய பை. பையிலிருந்து வறுத்த பூண்டின் வாசனை வந்து லிஃப்ட்டை நிறைத்தது. சரி, இவளை எட்டில் விட்டுவிட்டு இறங்கும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். கதவு மூடி, லிஃப்ட் ஓர் ஆள் உயரம் ஏறியிருக்கும். கீழே வாசலில் மனைவியின் குரல் கேட்டது.

"வாட்ச்மேன்! எங்க வீட்டுக்காரர் எந்த லிஃப்ட்டுல மாட்டியிருக்காரு?"

பதறிப்போய்ச் சாவியை இடப்பக்கம் திருப்பினான். தரைக்கும் முதல் மாடிக்கும் நடுவே லிஃப்ட் 'டொக்' என்று நின்றது.

"அய்யய்யோ!" என்று அலறினாள் அந்தப் பெண்.

"பயப்படாதம்மா. நான் லிஃப்ட் மெக்கானிக்தான்."

"அப்ப ஓட்டுங்க!"

"இப்ப முடியாது."

கீழே வாட்ச்மேன் குழம்பிக்கொண்டிருந்தார். "யாரும் மாட்டலியேம்மா. சார் இப்பத்தானே ஏறினாரு?"

"இப்பத்தானா?" என்றாள் மனைவி.

மெக்கானிக் கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினான். "ஏறினது எப்பவோ! அவருக்கு நேரம் போனதே தெரியல!"

வேலை நேரத்தில் தூங்குவதாக ஏற்கெனவே பேர் வாங்கியிருந்த வாட்ச்மேன் வாயை மூடிக்கொண்டார். "கொஞ்சம் கண்ணசந்துட்டேன் போலம்மா," என்று முனகினார்.

"என்னங்க, மூச்சு விட முடியுதா?"

"கொஞ்சம்... கொஞ்சமா... விடறேன்..."

அந்தப் பெண் இடுப்பில் கைவைத்தாள். "இப்பத்தான் காது கிழியக் கத்தினீங்க. அதுக்குள்ள என்னாச்சு?"

வேறு வழியில்லாமல் குசுகுசுவென்று உண்மையைச் சொன்னான். கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் லிஃப்ட்டே ஆடியது.

"சமைக்க மனசில்லாதவங்கள வெச்சுத்தாண்ணே என் பொழப்பே ஓடுது. ஆனா ஒருவேளைச் சமையலுக்குப் பயந்து லிஃப்ட்ட நிறுத்தின ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"மெல்லச் சிரிம்மா, கீழ கேக்கும்."

"மாப்ளே," என்று கீழேயிருந்து, மகளோடு கிளம்பி வந்திருந்த மாமனாரின் குரல் வந்தது. "உள்ளேருந்து பூண்டு வாசன வருதே?"

"மயக்கத்துல அப்படித்தான் மாமா இருக்கும்!"

"மயக்கம் உங்களுக்குத்தானே? எனக்கில்ல வருது வாசன!"

இனி தாங்காது என்று புரிந்துவிட்டது. சமையலே மேல். சாவியை வலப்பக்கம் திருப்பப் பார்த்தான், பிசுக்கில் வழுக்கியது. உருவி, துடைத்து, மறுபடி செருகப் போனான். எண்ணெய்க் கை. சாவிக்கொத்து வழுக்கி விழுந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நேராக இறங்கியது. பள்ளத்தின் அடியில் அது விழுந்த சத்தம் கேட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேற சாவி?" என்றாள்.

"அதே வளையத்துலதான்."

இப்போது நிஜமாகவே மாட்டிக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவனுடைய மேலதிகாரி.

"ஏம்ப்பா, அவசரம்! வாட்ச்மேன் கூப்பிட்டாரு. லிஃப்ட்டுல ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாங்களாம். நீ இருக்கற பக்கம்தான். உடனே ஓடு!"

"அங்கதான் சார் இருக்கேன்."

"அதுக்குள்ளயா? உன்ன மாதிரி பத்துப் பேரு இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்ப்பா! சரி, மாட்டினவங்க எப்படி இருக்காங்க?"

"ஒருத்தங்க சிரிச்சிக்கிட்டே இருக்காங்க. இன்னொருத்தருக்கு அழுகை வருது சார்."

"அழறவருக்குத் தைரியம் சொல்லு!"

"சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கறான்."

உண்மை விளங்க அதிகாரிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் சொன்னதில் பாதியை எழுத முடியாது. மீதி இதுதான்: இன்னொரு மெக்கானிக் லீவு, மொட்டை மாடி இயந்திர அறையில் இருக்கும் கைச்சக்கரத்தை யாராவது சுற்றினால் லிஃப்ட் நகரும், யார் சுற்றுவது என்பது அவன் பாடு. அதை அப்படியே கதவிடுக்கு வழியாகக் கீழே கத்திச் சொன்னான்.

"நான் சுத்தறேன்!" என்றாள் மனைவி கீழேயிருந்து. படி ஏறப் புறப்பட்டேவிட்டாள்.

"பத்து மாடிம்மா! வாட்ச்மேன அனுப்பு."

"அவரும் வரட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. மெதுவாவே ஏறறேன்."

பாவம், எனக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறாள் என்று மெக்கானிக்கின் நெஞ்சு இளகியது. அந்தப் பெண்ணின் போனோ ஓயாமல் அடித்தது. எட்டாவது மாடிக்காரர். "இதோ வந்துக்கிட்டே இருக்கேன் சார்," என்று அவள் அசையாத லிஃப்ட்டில் நின்றபடி சத்தியம் செய்தாள்.

ஒருவழியாக மேலேயிருந்து மனைவி போனில் பேசினாள். "சக்கரத்தப் பிடிச்சிட்டேங்க. எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"எனக்கு வலதா, உங்களுக்கு வலதா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே வலதுதாம்மா!"

"எதுத்தாப்புல வாட்ச்மேன் நிக்கறாரே. அவருக்கு எடதா வருதே?"

லிஃப்ட் ஒரு சாண் கீழே போய், இரண்டு சாண் மேலே வந்து, நடுவில் யோசித்து, மறுபடி கீழே போனது. பையிலிருந்த சூப் தளும்புவதைக் கேட்டு அந்தப் பெண் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"மேலம்மா, மேல! வேகமா!"

"எதுக்குங்க வேகம்? நல்லா நிதானமா வாங்க. வீட்டுல போயி என்ன வெட்டி முறிக்கப் போறோம்?" என்று அவள் பாட்டு முணுமுணுத்தபடி சக்கரத்தைச் சுற்றினாள்.

முதல் மாடிக்கு வந்து சேர்ந்து, மனைவியோடு வாட்ச்மேனும் மூச்சு வாங்க இறங்கி வந்து கதவைப் பிளந்தபோது, மெக்கானிக் நனைந்த கோழிபோல் வெளியே வந்தான். மாமனார் முதல் மாடிப் படிக்கே வந்து காத்திருந்தார். அவர் பார்வை மருமகனைத் தாண்டிப் பையின்மேல் இருந்தது.

அந்தப் பெண் போனைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "எட்டாவது மாடிக்காரர் வேணாம்னு சொல்லிட்டாருண்ணே. கடையிலயும் திருப்பி வாங்கமாட்டாங்க. அஞ்சு பேர் சாப்பாடு. என்ன செய்யறது?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று மாமனார் படியில் உட்கார்ந்து இடம் விட்டார்.

எண்ணிப் பார்த்தால் வாட்ச்மேனோடு சேர்த்துச் சரியாக ஐந்து பேர். வறுத்த கோழியும், சோறும், பாதி சிந்திய சூப்பும் படிக்கட்டில் கடை விரித்தன. மனைவியின் முகம் கல்யாண நாளில்கூட அப்படி மலர்ந்து அவன் பார்த்ததில்லை. உள்ளங்கை இரண்டும் சக்கரம் சுற்றிச் சிவந்திருந்தன. அதைப் பார்த்த மெக்கானிக் கடித்த கோழித் துண்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

காட்டிக்கொடுக்கமாட்டேன் என்பதுபோல் அந்தப் பெண் அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள். அதுவே அவனை இன்னும் குத்தியது. ஒருவேளைச் சமையலுக்குச் சோம்பி, இப்படிப்பட்டவளைப் பத்து மாடி ஏற வைத்துவிட்டோமே!

"இங்க பாரும்மா," என்றான் தழுதழுத்த குரலில். "இன்னைக்கு என் முறையில எல்லாரும் இப்படி அலைய வேண்டியதாப் போச்சு. அதுக்குப் பரிகாரமா, நாளையிலேருந்து ஒரு மாசத்துக்கு ராத்திரிச் சமையல் பூரா நான்தான். நீ அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"என்னங்க நீங்க, ஒரு மாசமெல்லாம் எதுக்கு..." என்று மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் போலும் என்று நினைத்தான்.

வாட்ச்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் கடைசி எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, விரலைச் சப்பியபடி நிதானமாகச் சொன்னார்:

"எல்லாஞ்சரி மாப்ளே, ஆனா இன்னைக்குப் புதன்கிழமைதானே, அவ முறை, நீங்க மாட்டிக்கிட்டதா போன் வந்ததும் பாதி உரிச்ச வெங்காயத்தத் தூக்கிப் போட்டுட்டு, 'தப்பிச்சேன்ப்பா'ன்னு அடுப்பங்கரையில ரெண்டு சுத்து ஆடிட்டுத்தானே கெளம்பினா!"