கெனாரி பன்னிரண்டை இறக்கியவர்

"கெனாரி பன்னிரண்டு, ஏன் பதிலில்லை?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள் பெஸ்ஸே.

இந்தோனேசியாவின் மக்காசர் நகரில், விமானக் கட்டுப்பாட்டுப் பயிற்சியின் கடைசித் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இன்றும் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கெனாரி பன்னிரண்டு உட்பட, திரையில் ஓடுபவை நிஜ விமானங்கள் அல்ல. பக்கத்து அறைகளில் ஊழியர்கள் விமானிகளாகப் பேசி, பொத்தான்களை அழுத்தி அவற்றை ஓட்டுவார்கள்.

பின்னால் தேர்வாளர் ருஸ்தான் மதிப்பெண் தாளுடன் உட்கார்ந்து, "காபி இன்னும் வரலையே" என்று முனகிக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் அலறியது. "அம்மாடி, ஓட்டுறவருக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, எழுந்து ஓடிட்டாரு. நான் சாப்பாடு குடுக்கிறவ!"

பெஸ்ஸேவுக்குப் பகீரென்றது. விமானி இல்லை, பணிப்பெண் ஓட்டுகிறாள்! இந்தக் கேள்வியை எந்தப் பாவி தயாரித்தானோ?

"பயப்படாதீங்கக்கா. உள்ள எத்தனை பேரு?"

"தாள்ல நூத்தி எண்பதுன்னு போட்டிருக்கு."

"சரி, சாப்பிடற கைப்பக்கம் திருப்புங்க."

விமானம் இடப்பக்கம் திரும்பியது. அங்கே இன்னொரு விமானம் எதிரே வந்துகொண்டிருந்தது.

"அக்கா, எந்தக் கையால சாப்பிடுவீங்க?"

"இடக்கைதான். எங்கம்மா அடிச்சும் பார்த்தாங்க, மாறலை."

பெஸ்ஸே எதிரே வந்த விமானத்தை மேலே ஏற்றினாள். "நீங்க கீழே வாங்கக்கா."

"ஐயையோ, எதையோ அழுத்திட்டேன்! இதுவும் மேல போகுது!"

ருஸ்தான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பெஸ்ஸேயின் குரல் மட்டும் உயரவில்லை.

"பரவால்லக்கா. கையை எடுங்க, மூச்சு விடுங்க. 'கீழே'ன்னு ஒரு பொத்தான் இருக்கா? அழுத்துங்க. போதும். இப்ப 'வலது'. அழகா ஓட்டுறீங்க."

குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி, ஒவ்வொரு பொத்தானாகப் பதினோரு நிமிடம். நானாக இருந்தால் ஒலிவாங்கியை வீசிவிட்டு ஓடியிருப்பேன். பெஸ்ஸேயின் பொறுமையே பொறுமை. நூற்றெண்பது பேருடன் கெனாரி பன்னிரண்டு ஓடுபாதையில் வந்து சமர்த்தாக நின்றது.

ருஸ்தான் கைதட்டினார். "பாஸ்! இருபது வருஷத்துல இப்படியொரு தேர்வை நான் பார்த்ததில்லை. ஒண்ணுமே தெரியாதவ மாதிரி என்னமா நடிச்சாங்க! யாரும்மா அது, வரச் சொல்லு!"

கதவைத் தள்ளிக்கொண்டு, கழுத்தில் ஹெட்போன் தொங்க, கையில் காபித் தட்டோடு கேன்டீன்கார அம்மா டாயெங் தெனே உள்ளே வந்தார்.

"காபி ஆறிப்போச்சு, கோவிச்சுக்காதீங்க ஐயா. அந்த ரூம் தம்பி பாத்ரூம்லேருந்து வந்துட்டாரு, இனிமே விமானத்தை அவரே ஓட்டட்டும்."