என் கொல்லை தம்பி வீட்டுக்குப் போன விவரம்

பேரன்புள்ள அக்காவுக்கு,

உன் பெரிய தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் நலம். கொல்லை மட்டும் இல்லை. நலமாக இல்லை என்று சொல்லவில்லை, கொல்லையே இல்லை.

விடாத மழை ஓய்ந்த காலையில் கொல்லைக் கதவைத் திறக்கப் போனேன். அது திறக்காது. ரொம்ப நாளாகவே அப்படித்தான். தச்சரைத் திட்டித் திட்டி இழைக்க வைத்ததில் கதவு அப்பளமாகிவிட்டது. தோளால் இடித்துத் திறந்தால் படிக்கு அப்பால் ஆகாயம். கொய்யா மரம், துவைக்கும் கல், கொடிக்கம்பி, அதில் எடுக்க மறந்த என் நீலச் சட்டை எல்லாம் ஒரே பாளமாக வழுக்கிக்கொண்டு போய்க் கீழே தம்பி வீட்டுப் பின்புறத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கிளைகூட முறியவில்லை. மரம் மட்டும் சற்றே பின்னுக்குச் சாய்ந்து, மேலே என்னை வேடிக்கை பார்க்கிறது. பக்கத்தில் தம்பி. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான்:

"அண்ணே, அடி கிடி பட்டுச்சா?"

"என் மண்ணைத் திருப்பிக் குடுடா."

"நானா எடுத்தேன்? அதுவா வந்துச்சு."

"வந்ததையெல்லாம் வச்சுக்குவியா?"

"வேணாம், நீயே எடுத்துக்க. முதல்ல அண்ணியக் கூட்டிட்டுக் கீழ வா. அங்க நிக்காதண்ணே."

பார்த்தாயா அவன் திமிரை? என் மண்ணில் நின்றுகொண்டு எனக்கே உத்தரவு போடுகிறான்.

பாகம் பிரித்தபோது "பெரியவனுக்கு மேடு, சின்னவனுக்குப் பள்ளம்" என்று தீர்ப்புச் சொன்னவள் நீதான். மேடு என்றதும் நானும் மயங்கினேன். மண்ணைப் பற்றிக் கல்லூரியில் படித்து முதல் மாணவனாகத் தேறியவன் நான். சரிவில் மண் நனைந்தால் உப்பி, சரிவை விட்டு விலகி எழும். காய்ந்தால் நேர் கீழாக இறங்கும். எழுந்த இடத்தில் திரும்ப உட்காராது. மயிரிழை மயிரிழையாக இறங்கும், பெருமழை வந்தால் பாளமாகவே கிளம்பும். இதையெல்லாம் பரீட்சையில் படம் போட்டு எழுதினேன். ஆனால் சொந்த வீட்டில் அலமாரி தானாகத் திறந்துகொண்டபோது பூட்டுக்காரனைத் திட்டினேன், பாத்திரத்தில் குழம்பு ஒரு பக்கமாக ஒதுங்கியபோது மனைவியைத் திட்டினேன். படித்தவனுக்கு அழகு வேறென்ன?

அப்பா இருந்தபோது இப்படி ஆனதா? உனக்கு நினைவிருக்கும். மழைக்காலம் முடிந்ததும் மண் ஏற்றும் நாள். அப்பா அடிவாரத்தில் மண்வெட்டியோடு நிற்பார், நடுவில் நீ கூடையோடு, உச்சியில் வாங்கிக்கொட்டி மிதிப்பது நான். தம்பி ஒரு தகரக் குவளையில் கொண்டு வருவான். வழியில் பாதியைச் சிந்திவிட்டு, மலையையே தூக்கி வந்தவன் மாதிரி என் காலடியில் கொட்டுவான். "மண்ணுக்கு எறங்க மட்டுந்தான் தெரியும், ஏத்துறது நம்ம வேலை" என்பார் அப்பா. சாயங்காலம் முதுகு ஒடிந்து மூன்று பேரும் வரிசையாகப் படுத்துக் கிடப்போம். அந்தச் சேற்று வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது, அக்கா. அப்படியொரு தூக்கம் அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

பாகம் பிரித்த வருஷம் மழை விட்டதும் நான் மேலே கூடையோடு நின்றேன். அவன் கீழே மண்வெட்டியோடு நின்றானாம். யார் முதலில் கூப்பிடுவது? மூத்தவன் நானா கூப்பிடுவேன்? அன்றைக்கு நின்ற பேச்சுத்தான்.

நேற்று நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்தார். "அடுத்த மழைக்கு வீடும் போயிரும் சார், இன்னிக்கே காலி பண்ணுங்க" என்றார்.

"எங்கய்யா போறது?"

"கீழ தம்பி வீடு இருக்காமே, உங்க மிஸஸ் சொன்னாங்க."

இவள் அதற்குள் பெட்டி கட்டிவிட்டாள். நான் இறங்கினால் ஊர் என்ன சொல்லும்? மண்ணோடு மண்ணாய் அண்ணனும் சரிந்துவிட்டான் என்று சிரிக்காதா? ஆகவே நீ உடனே அவனுக்கு எழுது. அவன் மேலே ஏறி வந்து, முறைப்படி என் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் யோசிப்பேன். இல்லையென்றால் கடைசிச் செங்கல் இருக்கும்வரை இங்கேதான் இருப்பேன். இது என் முடிவான முடிவு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் சமதரையில் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மேட்டில் உள்ள உன் தம்பி

பின்குறிப்பு: பதிலைத் தம்பி வீட்டு விலாசத்துக்கு எழுது. உறை ஒட்டப் பசை தேடினேன். அது இவளோடு கீழே போயிருந்தது. அதை வாங்கத்தான் இறங்கினேன், வேறொன்றுமில்லை. இறங்கியவன் நிமிர்ந்து பார்த்தேன். நம் வீடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது தெரியுமா, அக்கா? உள்ளே இருந்தவனுக்குத் தெரியவேயில்லை.

"எப்பலேருந்துடா இப்படி?"

"மூணு நாலு வருஷமா. மழை வந்தா இங்கதான் சேரைப் போட்டு ஒன்னையவே பாத்துட்டு இருப்பேன். ஏதாவது ஆனா ஓடியாரணும்ல."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நீதான் பேச மாட்டியே."

இன்று மறுபடி தூறுகிறது. தாழ்வாரத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறான். சாய்மானம் உள்ளதைத் தனக்கு வைத்துக்கொண்டான். இதையும் நீ விசாரிக்க வேண்டும்.