ஊதா வெளிச்சத்தில் ஒரு சிறகு

“தண்ணி! ஓடி வா அசீசா! சிறகுல பருப்புக் கறி ஊத்திட்டுது!”

கினிகத்தேனை மெயின் ரோட்டில் தன் புடவைக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பைஸர் நடுக்கடையில் நின்று அலறினார். தலையில் ஒரு கறுப்புக் கம்பளி தொங்கியது. ஒரு கையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா லைட். மறு கையில், மஞ்சள் சொட்டச் சொட்ட, விரல் நீளத்தில் ஒரு துணிப் பட்டை.

அது சாதாரணத் துணி அல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானிகள் இடது மார்பில் தைத்திருந்த சின்னம். நடுவில் இலை வளையம், அதற்கு மேலே கிரீடம், இரண்டு பக்கமும் விரிந்த இறகுகள். பூண்டுலோயாவில் ஒரு கிழிந்த கோட்டின் மார்பில் அதைக் கண்டபோது பைஸருக்கு மூச்சே நின்றுபோனது. கோட்டுக்காரருக்குக் கடையிலேயே விலை கூடிய குளிர் ஜெக்கட்டைக் கொடுத்துவிட்டு, கோட்டைக் குழந்தையைப்போல் தூக்கி வந்தார்.

கொஞ்ச நேரத்துக்கு முன்தான் சின்னத்தைக் கோட்டிலிருந்து பிரித்தெடுத்து, கம்பளிக்குள் தலையை விட்டு ஊதா லைட் அடித்துப் பார்த்தார். யுத்த காலத்து நூல் அந்த வெளிச்சத்தில் செத்துக் கிடக்கும். பின்னாளில் வந்த நூல் நீலமாக எரியும். இது மினுங்கவே இல்லை. அசல்! சந்தோஷத்தில் துள்ளி எழுந்தவரின் முழங்கை, மனைவி அசீசா வைத்துவிட்டுப் போயிருந்த இடியப்பத் தட்டில் பட்டது.

“குடுங்க இங்க. புள்ளைகள்ட உடுப்புல வாற கறியக் கழுவத் தெரிஞ்ச எனக்கு இது பெரிய வேலையா?” அசீசா பட்டையைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

அதே நேரம் போன் அடித்தது.

“மிஸ்டர் பைஸர், கஜேந்திரன் பேசுறேன். தலவாக்கலை தாண்டிட்டோம். பொருள் ரெடியா?”

பைஸர் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார். கஜேந்திரன் சேர்! ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டத் துரை. விமானச் சின்னம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் ‘போலி’ என்று ஒரு வார்த்தை போட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. போலியைத் திருப்பி அனுப்பவும் மாட்டார். மறுபடி யாரையும் ஏமாற்றக் கூடாது என்று எரித்துவிடுவார். பைஸர் பஸ்ஸில் பார்சல் போட்ட மூன்று சிறகுகளும் அப்படித்தான் சாம்பலாயின. மூன்றுமே கம்பளிக்குள் அசலாகத் தெரிந்தவை. சேர் பார்த்ததும் போலி!

“இதுவும் போலியென்றா, இந்தக் கண்ணாடி அலுமாரி எனக்கு” என்று அசீசா சொல்லியிருந்தாள். “உங்கட பித்தளைச் சின்னத்தையும் துணிச் சின்னத்தையும் தூக்கிட்டுக் கல்யாண சாரி அடுக்கப் போறேன்.” பைஸரும் வீம்பில் சரி என்றுவிட்டார். அதனால்தான் நாலாவதைப் பார்சல் போடாமல் சேரையே வரச் சொல்லிக் கெஞ்சியிருந்தார்.

அசீசா திரும்பி வந்தாள். “பாருங்க!”

கறையே இல்லை. இறகுகள் அன்றைக்குத்தான் தைத்தவைபோல் வெளுத்திருந்தன. பைஸர் பூரித்துப்போய் லைட்டை அடித்தார்.

சிறகு டியூப் லைட்டைப்போல் நீலமாக எரிந்தது.

“யா அல்லாஹ்! என்ன போட்டுக் கழுவின?”

“நல்ல சவர்க்காரத் தூள்தான். வெள்ளைக்கு அதுதான் நல்லம்.”

பைஸர் லைட்டைத் தன் வெள்ளைச் சட்டைக்குத் திருப்பினார். அதுவும் எரிந்தது. வெளுக்க வைக்கிற மருந்து தூளிலேயே இருக்கிறது! அசல் சிறகை ஒரே அலசில் போலியாக்கிவிட்டாள்.

போன் மறுபடி அடித்தது. “ஹட்டன் வந்தாச்சு.”

“அசீசா, பிளேன்டீ ஊத்து! நல்லாக் கடும் சாயமா! சாயம் ஏறினா வெளிச்சம் அடங்கும்.”

சிறகு கொதிக்கிற தேயிலைத் தண்ணீரில் நீந்தியது. வெளிச்சம் கொஞ்சம் அடங்கியது உண்மை. ஆனால் வெள்ளை இறகு வடைச் சட்டி நிறத்துக்கு வந்தது. பக்கத்தில் போனாலே தேயிலை ஆலைக்குள் நுழைந்த வாசனை. கரண்டியால் தூக்கும்போது ஓர் இறகின் நுனி வேறு பிரிந்து தொங்கியது.

“றொசல்ல தாண்டியாச்சாம்!” போனைப் பார்த்த பைஸரின் குரல் கீச்சிட்டது. “தை! தை!”

அசீசா ஊசியில் கடை நூலைக் கோத்து நாலு தையல் போட்டாள். பைஸர் லைட் அடித்தார். மங்கிய சிறகின் ஓரத்தில் அந்த நாலு தையல் மட்டும் வெசாக் பண்டிகை பல்புபோல் மின்னின.

“நல்ல நூலுங்க. சாயம் போகாத பொலியெஸ்டர்” என்றாள் அசீசா பெருமையாக.

பைஸர் நெற்றியில் அடித்துக்கொண்டபோது வாசலில் ஹோர்ன் கேட்டது.

கறுப்பு வேன் ஒன்று மழை ஈரத்தில் பளபளத்து நின்றது. ரோட்டில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ‘எவ்வளவு பெரிய மனுசன்!’ பைஸரின் கைகள் தாமாகக் குவிந்தன. டிரைவர் அழகுமுத்து இறங்கி, பொனட்டில் தெறித்திருந்த சேற்றைச் சொந்தக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சேருக்குக் கதவைத் திறந்தான்.

கஜேந்திரன் சேர் உள்ளே வந்தார். கையுறை போட்டார். கம்பளிக்குள் குனிந்தார். கடையில் மின்விசிறிகூடச் சத்தம் போடப் பயந்ததுபோல் இருந்தது.

“ஒன்று, எரிகிறது.”

பைஸர் கம்பளி ஓரமாகத் தானும் எட்டிப் பார்த்தார்.

சேர் மோந்து பார்த்தார். “இரண்டு, தேயிலையில் ஊறப்போட்டுப் பழசாக்கியிருக்கிறார்கள். கள்ளர்களுடைய மிகப் பழைய வேலை.” பூதக்கண்ணாடியை வைத்தார். “மூன்று, பொலியெஸ்டர்.”

“சேர், காலையில எரியலங்க சேர்!” பைஸர் கிட்டத்தட்ட அழுதார். “கறி கொட்டிட்டுது...”

“நான்தான் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவினேன்.” அசீசா குறுக்கே வந்து நின்றாள். அலுமாரி கிடைக்கப் போகிறவள், புருஷன் முகத்தைப் பார்த்ததும் கட்சி மாறிவிட்டாள். “சாயம் ஊத்தினதும் நான், தைச்சதும் நான். அவர்ட கண்ணுல பிழை இல்ல சேர்.”

சேர் கருணையோடு சிரித்தார். “எல்லாரும் ஒரு கதை வைத்திருப்பார்கள், மிஸிஸ் பைஸர். முப்பது வருடமாகக் கேட்கிறேன். போலி! அழகுமுத்து, இதை எரித்துவிடு.” கையுறையைக் கழற்றினார். “கை கழுவ வேண்டும். தேயிலை மணக்கிறது.”

அவர் பின்பக்கம் போனார். பைஸர் அலுமாரியைத் திறந்து தன் சின்னங்களை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப் பெட்டியில் போடத் தொடங்கினார். அசீசா அவர் கையைப் பிடித்தாள்.

“வேணாம், விடுங்க. சாரியை எங்கயாவது அடுக்கலாம்.”

“பேச்சுன்னா பேச்சுதான் புள்ள. எனக்குக் கண் இல்ல. அவ்வளவுதான்.”

அப்போதுதான் அவர் டிரைவரைக் கவனித்தார். எரிக்க வேண்டிய சிறகை அழகுமுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சாமி பிரசாதத்தைப் பார்ப்பதுபோல் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டிஷூ பேப்பரில் பதமாகச் சுற்றி மேல் பையில் வைத்தான்.

“குப்பையை எதுக்குப்பா சுத்துற?”

அழகுமுத்து பின்கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டு அசீசாவிடம் நெருங்கினான்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க எந்தத் தூள் போட்டீங்க?”

“ஏன்?”

“நான் போடுற தூளுக்கு இம்புட்டு வெளிச்சம் வர மாட்டேங்குதுங்க. அதுலயும் இந்தச் சாயம் ஊத்துறது இருக்கே...” அவன் பிரமிப்போடு தலையாட்டினான். “இத்தன வருசத்துல எனக்குத் தோணவே இல்லீங்களே!”

பைஸரின் கை பெட்டிக்கும் அலுமாரிக்கும் நடுவில் அப்படியே நின்றது. “நீ எதுக்கு சிறகு கழுவுற?”

“மெதுவாப் பேசுங்க மொதலாளி. சேருக்கு வர்ற பார்சலை எடுத்து, பிரிச்சு, சுத்தம் பண்ணிக் குடுக்கிறது நானு. எரிக்கச் சொல்லித் திரும்பக் குடுக்கிறதும் என்கிட்டதான். எரிச்சா காசு வருமா, வித்தாத்தானே!” அவன் வாசலில் பளபளத்து நின்ற கறுப்பு வேனைப் பாசத்தோடு பார்த்தான். “உங்க மூணுமே அசலுங்க. இந்த வேன் சேரோடதுன்னா நெனச்சீங்க?”